அச்சேறிய அருள்மொழி: திருவருட்பாவின் முதற்பதிப்பு – ஒரு திறனாய்வு

மலாக்கா மாநிலத் தோட்டப்புறங்களில் திருவருட்பா நெடுங்காலமாகக் கேட்டுவரும் பாட்டு. அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் வட்டாரங்களில் வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றிய பின் சிறுவர் சிறுமியர் தெய்வமணிமாலைப் பாடலை இசையோடு ஓதுவது தோட்டக் கோயில்களின் பழைய வழக்கங்களுள் ஒன்று. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நின்று, லயத்து வீடுகள் காலியாகி, குடும்பங்கள் நகர்ப்புற வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த பின்னும் அப்பாட்டு மக்களை விட்டுப் போகவில்லை. தமிழ்ப்பள்ளி மேடைகளிலும் சமயப் பாடல் போட்டிகளிலும் அது இன்றும் ஒலிக்கிறது.

ஆயினும், பாடும் மாணவனை அழைத்து, இப்பாடல் எந்த நூலைச் சேர்ந்தது, அந்நூலைத் தொகுத்தவர் யார், பாடியவர் தம் வாழ்வின் எந்தக் கட்டத்தில் நின்று இதனைப் பாடினார் என்று வினவினால் விடை வருவது அரிது. குற்றம் மாணவனுடையதன்று. திருவருட்பா அவனுக்குப் பாட்டாகத் தரப்பட்டதே அன்றி நூலாகத் தரப்படவில்லை. நூலாகக் காண வேண்டுமாயின், அது முதன்முதல் அச்சேறிய 1867ஆம் ஆண்டுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். இன்று காண்பதற்கு அரிதாகிவிட்ட அம்முதற்பதிப்பு, ஓர் அருளாளரின் அகவாழ்வை ஊரறிய வைத்த நூல். அவரைப் பற்றிய ஒரு கருத்தை நிலைநாட்டிய நூலும் அதுவே. அக்கருத்து எத்துணை நிறைவானது என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

மறைமொழி அச்சேறும்போது

ஆசான் வாய்மொழியாக மாணாக்கன் ஒருவனுக்கு மட்டும் உணர்த்தத் தக்கது எனக் கருதப்படும் ஞானத்தை அச்சிட்டுக் கடையில் விற்கலாமா என்னும் வினா தமிழருக்கு மட்டும் உரியதன்று. யூத மக்களிடையே இவ்வினா பெரும் பூசலாகவே எழுந்தது. அவர்தம் மறைஞான மரபாகிய கபாலாவின் தலையாய நூல் சோகார். அச்சொல்லுக்குப் பேரொளி என்பது பொருள். பெரும்பாலும் அரமேய மொழியில் அமைந்த அந்நூல், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் நாட்டுக் காஸ்தீல் பகுதியில் மோசே தெ லெயோன் என்பவர் வாயிலாக வெளிப்பட்டது. எனினும் 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிமியோன் பார் யோகாய் என்னும் ஞானியின் வாக்காகவே அது போற்றப்பட்டது. கையெழுத்துப் படிகளாகச் சிலரிடம் மட்டும் இருந்துவந்த அந்நூல், இத்தாலியின் மாந்துவா நகரில் 1558 முதல் 1560 வரை மூன்று தொகுதிகளாக அச்சேறியது. அதே காலத்தில் கிரெமோனா நகரில் ஒரே பெருந்தொகுதியாக மற்றொரு பதிப்பும் வெளிவந்தது.

1553இல் ரோம் நகரில் யூதரின் தல்மூத் நூற்படிகள் தீக்கிரையாக்கப்பட்ட நினைவு அப்பொழுது ஆறாதிருந்தது. பக்குவம் வராதவர் கையில் மறைநூல் சிக்கினால் பொருள் திரியும் என்று சமய ஆசிரியர் சிலர் தடுத்தனர். பூட்டி வைத்தால் நூலே அழியும், ஞானம் பரவுவதே நன்று என்று சிலர் ஆதரித்தனர். ஐசக் தெ லாத்தெஸ் என்னும் சமய அறிஞர் அச்சிட இசைவளித்து எழுதிய உரை மாந்துவாப் பதிப்பின் முகப்பிலேயே இடம்பெற்றது.

அச்சு வந்த பின் நிகழ்ந்தது இன்னும் கருதத் தக்கது. மாந்துவாப் பதிப்பும் கிரெமோனாப் பதிப்பும் அமைப்பில் ஒத்திருக்கவில்லை. அளவு நோக்கி ஒன்று சிறிய சோகார் என்றும் மற்றொன்று பெரிய சோகார் என்றும் வழங்கலாயின. அறிஞர்கள் இன்றும் மாந்துவாப் பதிப்பின் ஏட்டெண்ணைக் கொண்டே சோகாரை மேற்கோள் காட்டுகின்றனர். அச்சகத்தார் அன்று வகுத்துக்கொண்ட ஒழுங்கு, காலப்போக்கில் நூலின் ஒழுங்காகவே ஆகிவிட்டது. நூல் பலர் கைக்கு எட்டிய பின் ஐயங்களும் பெருகின. 1768இல் யாக்கோபு எம்தென் என்னும் சமய ஆசிரியர், அதன் பல பகுதிகள் பழைய ஞானியின் வாக்காக இருக்க இயலாது என்று நூலெழுதிக் காட்டினார். 20ஆம் நூற்றாண்டில் கெர்சோம் சோலெம் என்னும் பேரறிஞர், நூலின் பெரும்பகுதி மோசே தெ லெயோனின் படைப்பே என்று தம் ஆராய்ச்சியால் நிறுவினார்.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவன மூன்று. மறைமொழி அச்சேறுங்கால் அதற்குப் பெயரும் வகுப்பும் பதிப்பாளரால் அமைகின்றன. அவ்வமைப்பு நாளடைவில் நூலோடு ஒன்றிப்போகிறது. நூல் ஊரறிய வந்தபின், இதற்கு இத்தகுதியை வழங்கியவர் யார் என்னும் வினா எழுந்தே தீர்கிறது. இம்மூன்றும் திருவருட்பாவின் வரலாற்றிலும் ஒன்று விடாமல் நிகழ்ந்தன.

முதற்பதிப்பு உருவான வரலாறு

இராமலிங்க அடிகள் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தார். இளமை சென்னையில் கழிந்தது. கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர் இறைவனையும் அவர் பாடிய காலம் அது. பின்னர்த் தில்லையை நோக்கிப் புறப்பட்டுக் கருங்குழியில் தங்கினார். 1867இல் வடலூரில் தருமசாலை நிறுவினார். 1870 முதல் மேட்டுக்குப்பத்தில் உறைந்து, 1874ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் திருக்காப்பிட்டுக் கொண்ட அறைக்குள் மறைந்தார்.

அச்சு என்பது அடிகளுக்குப் புதிய பொருள் அன்று. தம் பாடல்கள் அச்சேறுவதற்கு முன்னரே அவர் பிறர் நூல்களைப் பதிப்பித்தவர். கண்ணுடைய வள்ளல் இயற்றிய ஒழிவிலொடுக்கம் என்னும் ஆழ்ந்த ஞானநூலை 1851இலும், தொண்டமண்டல சதகத்தை 1855இலும், சின்மய தீபிகையை 1857இலும் வெளியிட்டார். மனுமுறை கண்ட வாசகம் என்னும் அவரது உரைநடை நூல் 1854இல் வெளிவந்தது. பிறர் அருளிய மறைநூலை அச்சிட்டு வழங்கியவர், தம் பாடல்களை அச்சிட மட்டும் நெடுங்காலம் உடன்படவில்லை. ஆகவே அத்தயக்கம் அச்சுக்கலையின் மீது கொண்ட ஐயத்தால் வந்ததாகாது. இறைவனிடம் தனித்து முறையிட்ட மொழிகள் ஊர்நடுவே விளம்பரமாகிவிடக் கூடாது என்னும் நாணமே அதன் காரணம் என்று கொள்வதே பொருந்தும்.

அத்தயக்கத்தை மாற்றியவர்கள் அன்பர்கள். அவருள் முதலில் வைத்து எண்ணத் தக்கவர் இறுக்கம் இரத்தின முதலியார். 1860ஆம் ஆண்டளவில் இது குறித்து அடிகளுக்கும் அவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. பாடல்கள் தம் கைக்கு வந்து சேரும்வரை நாளும் ஒருவேளை உணவே கொள்வதென்று முதலியார் உறுதி பூண்டார். பிறர் பசியைத் தாங்க இயலாத உள்ளம் அடிகளுடையது. தம் பொருட்டு ஒருவர் பட்டினி கிடக்கிறார் என்பதறிந்த பின் அவர் இசைந்தார். திருவருட்பா ஒருவரின் பசியை முன்னிட்டே வெளிப்பட்டது என்பது அந்நூலின் தன்மையோடு பெரிதும் ஒத்துப்போகும் செய்தி.

பலரிடத்தும் சிதறிக் கிடந்த பாடல்களைத் திரட்டி ஒழுங்கு செய்யும் பணியை அடிகளின் தலைமாணாக்கரும் சென்னை மாநிலக் கல்லூரித் தமிழ்ப் பண்டிதருமாகிய தொழுவூர் வேலாயுத முதலியார் மேற்கொண்டார். செல்வராய முதலியார் துணைநின்றார். மயிலை சோமசுந்தர செட்டியார் பொருளுதவி செய்தார். 1867ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் முதல் நான்கு திருமுறைகள் சென்னையில் நூலாக வெளிவந்தன. அதே ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் தருமசாலை அடுப்பு மூட்டப்பட்டது. அன்பர்கள் பாட்டை நூலாக்கிக் கொண்டிருந்த காலத்தில், பாடியவர் சோற்றுக்கு வழிசெய்து கொண்டிருந்தார்.

பெயரும் வகுப்பும்

வேலாயுத முதலியாரின் பணியை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. அவர் அன்று தொகுக்காதிருந்தால் பல பாடல்கள் மறைந்திருக்கக் கூடும். பல பிறர் பெயரில் வழங்கியிருக்கவும் கூடும். பாடல்களுக்குத் தலைப்பிட்டு, திருந்திய வடிவில் அச்சிட்டு, நூல் உருவான வரலாற்றையும் செய்யுளாகவே யாத்துச் சேர்த்தார். ஒரு பதிப்பாசிரியர் செய்ய வேண்டிய பணியை அக்காலத்து வசதிகளுக்குள் சிறப்புறவே செய்தார்.

ஆயினும் அவர் செய்தவற்றுள் மூன்று, நூலின் பிற்கால வரலாற்றையே முடிவு செய்தன.

முதலாவது, பெயர். அடிகள் தம் பெயருடன் சாமி என்னும் சொல் சேர்க்கப்படுவதையே விரும்பவில்லை. அது ஆரவாரத்திற்கு இடமாகும் என்று கடிதத்திற் குறித்தவர். பதிப்பாசிரியரோ பாடல்களுக்குத் திருவருட்பா என்றும், பாடியவருக்குத் திருவருட்பிரகாச வள்ளலார் என்றும் பெயரிட்டார். இதைக் கண்டு அடிகள் வருந்திக் கேட்டபொழுது, வள்ளல் ஆர் என வினவுவதாகவும் இத்தொடரைப் பிரித்துக்கொள்ளலாமே என்று மாணாக்கர் விடை கூறியதாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. மெய்யோ புனைவோ, ஆசிரியரின் அடக்கத்திற்கும் மாணாக்கரின் பற்றுக்கும் இடையே இருந்த முரணை அச்செய்தி அழகாகக் காட்டுகிறது.

இரண்டாவது, வகுப்பு. பாடல்கள் ஆறு திருமுறைகளாகப் பகுக்கப்பட்டன. திருமுறை என்னும் சொல் தமிழ்ச் சைவ உலகில் எளிய சொல் அன்று. அது தேவார திருவாசகம் முதலாகப் பெரியபுராணம் ஈறாகப் பன்னிரு தொகுதிகளுக்கு உரிய சொல். அதனை வாழ்ந்து கொண்டிருக்கும் ஒருவரின் பாடல்களுக்குச் சூட்டியது, அவரை நாயன்மார் வரிசையில் அமர்த்தியதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, வரிசை. திருமுறைகளின் எண்வரிசை பாடல்கள் பிறந்த காலவரிசை அன்று. திருத்தணிகை முருகனைப் பாடிய இளமைக்காலப் பாடல்கள் முதற்பதிப்பில் இடம்பெறாமல், 1880இல் ஐந்தாம் திருமுறையாகவே வெளிவந்தன. எண்ணை நம்பிப் படிப்பவர், முன்னே பாடியதைப் பின்னே பாடியதாகக் கருதிவிட இடமுண்டு. ஓர் ஆன்மாவின் வளர்ச்சியைக் கூறும் நூலில் இக்குழப்பம் சிறியதன்று.

நாவலர் எழுப்பிய வினா

நூல் வெளிவந்து இரண்டாண்டுக்குள் மறுப்பு எழுந்தது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1869இல் போலியருட்பா மறுப்பு என்னும் கண்டனத்தை வெளியிட்டார். நாவலர் எளிய எதிரி அல்லர். தமிழ் உரைநடையை வளம்படுத்தியவர். தாமே அச்சுக்கூடம் நிறுவிச் சைவ நூல்களைப் பிழையறப் பதிப்பித்தவர். சைவப் பள்ளிகளை நிறுவிய ஆசிரியர். அருட்பா என்று போற்றத் தக்கவை முன்னோர் வகுத்த திருமுறைகளே என்றும், அப்பெயரை வேறு பாடல்களுக்கு இடுதல் முறையன்று என்றும் அவர் வாதித்தார். பூசல் முற்றிக் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது.

நாவலரின் மொழி பல இடங்களில் கடுமை மிக்கது. தனிமனித இகழ்ச்சியாக இறங்கிய பகுதிகளை இன்று எவரும் ஏற்பதற்கில்லை. எனினும் அக்கடுமையை நீக்கிப் பார்த்தால், அவர் எழுப்பிய வினா பதிப்பு நெறியைப் பற்றிய வினா என்பது விளங்கும். ஒரு நூலுக்கு அருள்நூல் என்னும் தகுதியை வழங்குபவர் யார்? பாடியவரா, மரபா, பதிப்பித்தவரா? நாவலர் மரபு என்றார். முதற்பதிப்பு, மாணாக்கரின் அன்பு என்று சொல்லாமல் சொல்லியது. பாடியவரை எவரும் கேட்கவில்லை என்பதே இப்பூசலின் பெருங்குறை.

இருவரும் மறைந்த பின்னும் பூசல் ஓயவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை நாவலர் பக்கம் நின்று வாதிட்டார். பின்னாளில் மறைமலை அடிகள் எனப் பெயர் பெற்ற நாகை வேதாசலம் பிள்ளையும், இசுலாமியப் பெரும்புலவர் செய்குத்தம்பிப் பாவலரும் அருட்பாவின் பக்கம் நின்றனர். ஒரு சைவ நூலைப் பற்றிய வழக்கில் பாவலர் போன்றோர் அருட்பாவுக்காக மேடையேறியமை, அந்நூல் திருமுறை என்னும் எல்லைக்குள் அடங்கிவிடவில்லை என்பதைக் காட்டும் நற்சான்று. இப்பூசலில் எழுந்த கண்டன நூல்களை ப. சரவணன் திரட்டி வெளியிட்டுள்ளார். அவற்றைப் படிப்போர், இருதரப்பாரும் பெரும்பாலும் பெயரைப் பற்றியும் தகுதியைப் பற்றியுமே வாதிட்டதையும், பாட்டின் பொருள் வாதத்தின் ஓரத்திலேயே நின்றதையும் காண்பர்.

ஆறாம் திருமுறையும் கவிஞரின் மறுமதிப்பீடும்

முதற்பதிப்பில் இல்லாத பகுதியே இன்று அடிகளின் இறுதி நிலையை அறிய இன்றியமையாததாக விளங்குகிறது. அது ஆறாம் திருமுறை. அதன் பாடல்களுட் பெரும்பகுதி வடலூர், மேட்டுக்குப்பக் காலத்தன. 1596 அடிகள் கொண்ட அருட்பெருஞ்சோதி அகவல் 1872இல் பாடப்பட்டது. தம் வாழ்நாளில் இத்திருமுறையை வெளியிட வேண்டா என்று அடிகள் விலக்கியதாகச் சன்மார்க்க மரபு கூறும். அடிகள் மறைந்து பதினொரு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1885இல், அது நூலாக வெளிவந்தது.

இப்பகுதியில் காணப்படும் அடிகள் வேறொருவர் போல் தோன்றுவார். தலந்தோறும் சென்று உருகும் அடியவரை முதல் நான்கு திருமுறைகளிற் காண்கிறோம். ஆறாம் திருமுறையிலோ சாதியும் சமயமும் சாத்திரச் சழக்கும் வேண்டா எனத் துணிந்து விலக்குபவரைக் காண்கிறோம். இறைவன் ஒளியாகவே வழிபடப் பெறுகிறான். உயிர்களின் பசி தீர்ப்பதே வழிபாட்டின் உயிர்நிலை ஆகிறது.

இவ்விரு நிலைகளுக்கும் உள்ள தொலைவை அளந்து சொன்னவர் பிற்கால ஆராய்ச்சியாளர் அல்லர், அடிகளே ஆவார். 1873ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி அவர் ஆற்றிய பேருரையில், முன்னர்த் தமக்குச் சைவ சமயத்தில் இருந்த பற்று மிகப் பெரிதென்றும், அதற்குத் தாம் பாடிய துதிகளே சான்று கூறும் என்றும், அக்காலத்தில் தமக்கு வாய்த்திருந்த அறிவு சிறிதே என்றும் பொருள்படக் கூறினார்.

இலக்கிய உலகில் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி காண்பதரிது. அன்பர்கள் பாடுபட்டு அச்சிட்ட நூல், ஊரார் வழக்காடிக் கொண்டிருந்த நூல், அதனைப் பாடியவர் அதிலிருந்து ஆறே ஆண்டுகளில் அப்பால் சென்றுவிட்டார். நாவலர் அந்நூல் திருமுறை ஆகாது என்றார். மாணாக்கர் அது திருமுறையே என்றனர். அடிகளோ அப்பாடல்கள் தம் பயணத்தின் ஒரு படி என்றார். அவர் அவற்றை மறுக்கவில்லை. அவற்றைச் சான்றாகவே அழைத்தார். ஆயின் அவற்றில் நின்றுவிடவும் இல்லை. முதற்பதிப்பு உருவாக்கிய அடியவர் உருவம் மெய்யானதே. ஆனால் நிறைவானதன்று என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

பின்வந்த பதிப்புகள்

இந்நிறைவின்மையைப் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் உணர்ந்தனர். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை பன்னிரண்டு பகுதிகளாக வெளியிட்ட பதிப்பு, கையெழுத்துப் படிகளோடு ஒப்பிட்டுப் பாடத்தைச் செம்மை செய்தது. உரைநடையையும் கடிதங்களையும் ஆராய்ச்சிக்குப் பயன்படுமாறு வழங்கியது. அக்கடிதங்கள் வெளிவந்ததாலேயே முதற்பதிப்பின் பிறப்புக் கதையும், ஆசிரியரின் நாணமும், அன்பர்களின் விடாப்பிடியும் உலகறிய வந்தன. 1972இல் ஊரன் அடிகள் வெளியிட்ட பதிப்பு, பாடல்கள் பிறந்த காலத்தையும் இடத்தையும் கருத்திற் கொண்டு அவற்றை ஒழுங்குபடுத்த முயன்றது. பாடத்தைத் தூய்மை செய்வது ஒரு பணி. பாடியவரின் வளர்ச்சியை வரிசையாற் காட்டுவது மற்றொரு பணி. இவ்விரண்டும் முதற்பதிப்பு விட்டுச்சென்ற கடன்கள் எனலாம்.

ஆயினும் மலேசியத் தமிழ் இல்லங்களிலும் கோயில்களிலும் பெரிதும் புழங்குவன இப்பெரும் பதிப்புகள் அல்ல. பொறுக்கெடுத்த சில பாடல்களைக் கொண்ட சிறுநூல்களே கைக்கு எளிதில் வருவன. அவற்றுட் பலவற்றில் பாடல் உண்டு. பாடிய இடமோ காலமோ குறிக்கப்படுவதில்லை. 1867ஆம் ஆண்டு முதற்பதிப்பின் படி அரிதாகியது ஓர் இழப்பு. அதனினும் பெரிய இழப்பு, கைக்கு எளிதாகக் கிடைக்கும் பதிப்பில் முழு வள்ளலார் கிடைக்காமற் போவதே.

வகுப்பறைக்கு வரும் நூல்

இது மலாக்காவின் தமிழாசிரியர்க்கு ஏன் இன்றியமையாதது என வினவலாம். அடிகள் வடலூரில் அடுப்பு மூட்டிய அதே நூற்றாண்டில்தான், தென்னார்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து வறுமையால் துரத்தப்பட்ட குடும்பங்கள் கப்பலேறி மலாயா வந்தன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அடிகள் கண்டு துடித்த பசியும், தோட்டத் தமிழரின் முன்னோர் தாங்கி வந்த பசியும் ஒரே மண்ணின் பசியே. பசித்தவனைக் கண்டு பதறும் இப்பாடல்கள் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குப் பிறர் கதை ஆகா. சாதிப் பிரிவைத் தோட்டத்து லயத்திலும் கோயில் திருவிழாவிலும் சுமந்து வந்த சமுதாயத்திற்கு, அதனை அறவே விலக்கிய ஆறாம் திருமுறை கட்டாயம் கேட்க வேண்டிய குரல். அதனை விடுத்துத் துதிப்பாடல்களை மட்டும் மனனம் செய்வித்தால், 1867ஆம் ஆண்டோடு வள்ளலாரை நிறுத்திவிட்டதாகவே முடியும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டுவதில்லை. ஒரு பாடலைக் கற்பிக்கும்பொழுது அது சென்னையிற் பாடியதா, வடலூரிற் பாடியதா என்பதை ஒரு வரியிற் கூறலாம். கந்தகோட்டத்துத் தெய்வமணிமாலைப் பாடல் ஒன்றையும் அகவலின் சில அடிகளையும் அருகருகே வைத்து, வேண்டுதலில் நேர்ந்த மாற்றம் யாது என்று மாணவரையே கேட்கலாம். நூலின் பெயரும் வகுப்பும் மாணாக்கர் இட்டவை, பாட்டு மட்டுமே பாடியவருடையது என்னும் வேறுபாட்டை இடைநிலைப்பள்ளி மாணவர் எளிதில் உணர்வர். அவ்வேறுபாட்டை உணர்ந்தவர், பின்னர் எந்த நூலை எடுத்தாலும் முன்னுரையையும் மூலத்தையும் ஒன்றாக்கிக் குழம்பமாட்டார்.

மலாக்கா நகரிலேயே இதற்கோர் எச்சரிக்கை உண்டு. ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781ஆம் ஆண்டில் எழுந்தது. அதனை எழுப்பிய மலாக்கா செட்டிச் சமூகத்தார், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இங்குக் குடியேறிய தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள். அவர்கள் தங்கள் வழிபாட்டையும் சடங்கையும் பொங்கலையும் வழுவாது காத்து வருகின்றனர், அப்பற்று போற்றுதற்குரியது. ஆயினும் அவர்களின் இல்லமொழி மலாய் ஆகிவிட்டது. தமிழில் அச்சிட்ட அருள்நூல் ஒன்றை அவர்களிடம் நீட்டினால், அது மீண்டும் மறைநூலாகவே இருக்கும். யூத அறிஞர் அன்று அஞ்சியது, பக்குவம் இல்லாதவர் கையில் நூல் சேர்ந்துவிடுமோ என்று. தமிழர் இன்று அஞ்ச வேண்டியது, நூல் கையில் இருந்தும் படிப்பவர் இல்லாமற் போகும் நிலையை.

இரத்தின முதலியார் பட்டினி கிடந்து அப்பாடல்களை வெளிக்கொணர்ந்தார். வேலாயுத முதலியார் தாம் கொண்ட பற்றிற்கேற்ப அவற்றிற்கு ஓர் உருவம் தந்தார். நாவலர் அவ்வுருவத்தை ஐயுற்று வினா எழுப்பினார். பின்வந்தோர் பாடத்தைத் திருத்தி வரிசையை நேராக்கினர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் இப்பணியில் தமிழாசிரியருக்கும் ஒரு பங்கு எஞ்சியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை விளக்கின் முன் தெய்வமணிமாலை பாடும் சிறுமிக்கு, அதே கவிஞர் பின்னாளில் எங்குச் சென்று சேர்ந்தார் என்பதையும் ஒருநாள் எடுத்துச் சொல்வதே அப்பங்கு.